நாற்பத்திரண்டாம் நாள்

யானைக்கால் நோய்க்கான மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த ஆண்டுகளில், புதுச்சேரியின் சுகாதாரப் பணியாளர்கள் வாசலில் நின்று தவறாமல் கேட்க வேண்டியிருந்த கேள்வி ஒன்று உண்டு: "வீட்ல யாராச்சும் மாசமா இருக்காங்களா?" இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு டைஎத்தில்கார்பமசின் மாத்திரை தரக்கூடாது என்பது 2004இல் நாடு தழுவித் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தின் விதி. கொசுவும் யானைக்காலும் இந்த ஊரின் பழைய பகை. நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்வதற்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் ஒரு மையத்தை இங்கே நிறுவியது. கோரிமேட்டுப் பக்கம் ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிற பலரும் அந்தக் கட்டடத்தைக் கடந்துதான் போகிறார்கள்.

கர்ப்பிணிகளை விலக்கி வைத்த விதி நியாயமானது. அந்த மாத்திரை கருவைக் கெடுக்கும் என்று தெரிந்துவிட்டதால் வந்த விதி அல்ல அது. கர்ப்பிணிகளிடம் அதைச் சோதித்துப் பார்த்த தரவு போதாது என்பதால் வந்த எச்சரிக்கை. ஆனால் அந்த விதியின் கையில் அகப்படாத ஒருத்தி எப்போதும் இருப்பாள். நாள் தள்ளுவதற்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது அவளுக்கு. கரு உருவாகி, கருப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டும் விட்டது. அவளுக்குத் தெரியாது. "இல்லை" என்று உண்மையாகவே சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கி விழுங்குவாள். இரண்டு வாரம் கழித்துச் சோதனை அட்டையில் இரண்டு கோடு விழும்போதுதான் அந்த மாத்திரை நினைவுக்கு வரும். அன்றிரவு தூக்கம் வராது.

யானைக்கால் மாத்திரை என்றில்லை. தைராய்டுக்கு, வலிப்புக்கு, ரத்த அழுத்தத்துக்கு, மனச்சோர்வுக்கு, முகப்பருவுக்கு, மூட்டுவலிக்கு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த எந்த மாத்திரையானாலும் இதே கதைதான். அப்பளம் பொரிக்கும் வாசனைகூடக் குமட்டுகிற அந்த முதல் வாரங்களில், பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, எள்ளுருண்டை கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காப்பார்கள். கைப்பையில் இருக்கும் மாத்திரை அட்டையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அந்தப் பெண் மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுடைய கேள்விக்கு அறிவியல் பதில் சொல்லும். ஆனால் "இந்த மாத்திரை நல்லதா, கெட்டதா" என்று கேட்டால் அதற்குப் பதில் வராது. எந்த மருந்து, எவ்வளவு, எந்த நாளில், எந்த நோய்க்கு என்ற நான்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இவற்றில் நாளிலிருந்து தொடங்குகிறேன். பலரும் கணக்குத் தவறுவது அங்கேதான்.

மருத்துவமனையில் கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்குச் சுமார் 14ஆம் நாள் கரு உண்டாகிறது. அடுத்த ஆறேழு நாளில் அது கருப்பையில் பதியத் தொடங்குகிறது. கரு உண்டான பிறகு வரும் முதல் இரண்டு வாரங்களில் அது இன்னும் உறுப்புகள் பிரியாத உயிரணுத் திரள். அப்போது ஒரு மருந்து பெருங்கேடு செய்தால், பெரும்பாலும் கரு தங்காமலே போய்விடும். சில உயிரணுக்கள் மட்டும் சேதமடைந்தால் மிஞ்சியவை அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு வளர்ந்துவிடும். நாள் தள்ளுவதற்கு முன்பு விழுங்கிய பெரும்பாலான மாத்திரைகளுக்காக இரவெல்லாம் கண்விழிக்கத் தேவையில்லை என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இது. உடலில் நெடுநாள் தங்கிவிடும் சில மருந்துகள் இதற்கு விலக்கு.

அதற்குப் பிறகுதான் வேலை மும்முரமாகிறது. கருவின் முதுகுப் பக்கத்தில் ஒரு தகடு இரு விளிம்பும் உயர்ந்து, மடிந்து, ஒட்டிக் குழாயாகிறது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்து உருவாகின்றன. கரு உண்டான 22ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 28ஆம் நாள் நரம்புக்குழாய் முழுதாக மூடிக்கொள்கிறது. மூடாமல் போனால் முதுகெலும்புப் பிளவு, அல்லது மண்டையோடு உருவாகாத குழந்தை. மாதவிடாய்க் கணக்கில் அந்த நாள் எது? 14ஐயும் 28ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். நாற்பத்திரண்டாம் நாள்.

நம் ஊர்களில் நாள் தள்ளியதும் பெண்கள் என்ன செய்கிறார்கள்? "நாப்பத்தஞ்சு நாள் ஆகட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கரு தங்குமா என்று தெரியாமல் ஊருக்குச் சொல்லிவிடக்கூடாது என்ற பழைய பயம் அதில் இருக்கிறது, புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் 45ஆம் நாள் மருத்துவர் முன்னால் போய் உட்காரும்போது நரம்புக்குழாய் மூடி மூன்று நாள் ஆகியிருக்கும். அன்றைக்கு எழுதித் தரும் ஃபோலிக் அமில மாத்திரை ரத்தத்துக்கு நல்லது. அந்தக் குழாய்க்கு இனி அது உதவாது.

நாள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி தாலிடோமைடு. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்கும் மசக்கைக்கும் ஏற்ற, ஆபத்தில்லாத மருந்தென்று விற்பனைக்கு வந்து, 1961 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தன. கை, கால், காது உருவாகும் அந்த இரண்டரை வாரத்துக்குள், ஏறத்தாழ கரு உண்டான 20ஆம் நாள் முதல் 36ஆம் நாள் வரை, மருந்து எடுத்த தாய்மாருக்குத்தான் அந்த உறுப்புகளில் குறைபாடுகளோடு குழந்தை பிறந்தது. அந்த நாட்கள் கடந்த பிறகு எடுத்தவர்களின் குழந்தைகளுக்குக் கைகால்கள் முழுதாக இருந்தன.

ஃபோலிக் அமிலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அந்தக் கதையில் பாதி நம்முடையது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, ஏழைக் கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், பின்னர் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் அந்த வேலை தொடர்ந்தது. ஈஸ்ட் சாற்றில் இருந்த ஏதோ ஒன்று அந்தப் பெண்களைப் பிழைக்க வைத்தது. பெயர் தெரியாத அந்தப் பொருளை 1940களில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய குழுவுக்குத் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப்போன எல்லாப்ரகடா சுப்பாராவ். ஃபோலிக் அமிலம் அதுதான்.

அதே குழு அதே சில ஆண்டுகளுக்குள் இன்னும் இரண்டு மருந்துகளைத் தந்தது. ஒன்று, ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவமெடுத்து அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின். ரத்தப் புற்றுநோயுள்ள குழந்தைகளுக்கு முதன்முதலாகச் சற்றே ஆயுள் கூட்டிய மருந்து. மற்றது, யானைக்கால் புழுவைக் கொல்லும் டைஎத்தில்கார்பமசின். புதுச்சேரி வாசல்களில் "மாசமா இருக்காங்களா" என்று கேட்டுவிட்டுக் கொடுத்த அதே மாத்திரை. சுப்பாராவ் 1948இல், ஐம்பத்து மூன்று வயதில், நியூயார்க்கில் இறந்தார். இவ்வளவு செய்த ஒருவரின் பெயர் நம் பள்ளிப் பாடங்களில் இத்தனை சிறிதாக இருப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் மரபுப் பொருளைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலேட் வேண்டும். புற்றுநோய் உயிரணுவும் கருவின் உயிரணுவும் வேகமாகப் பிரிபவை. ஒன்றைத் தடுப்பது மற்றதையும் தடுக்கும். 1950களில் அமினோப்டெரினைக் கருக்கலைப்புக்குக் கொடுத்துப் பார்த்தபோது, கலையாமல் தப்பிய குழந்தைகள் சில கடும் குறைபாடுகளோடு பிறந்தன. அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்று முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் சாதாரண மாத்திரை. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருவது. குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு முன்பே அதை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற வேண்டும். எதிர்ப்பக்கத்தில், நரம்புக்குழாய்க் குறையோடு ஏற்கெனவே ஒரு குழந்தை உண்டாகியிருந்த பெண்களிடம் ஏழு நாடுகளில் நடந்து 1991இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தால் அந்தக் குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. "முன்பிருந்தே" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

இனி, எனக்கு இந்த அத்தியாயத்தில் மிக நெருக்கமான மருந்துக்கு வருகிறேன்: வால்புரோயேட்.

1960களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிள் பக்கம் பியேர் எமார் என்ற இளம் ஆய்வாளர் வேறு மருந்துகளைச் சோதிப்பதற்காக அவற்றை வால்புரோயிக் அமிலத்தில் கரைத்தார். எதைக் கரைத்தாலும் சோதனை விலங்குகளுக்கு வலிப்பு அடங்கியது. கரைப்பானில்தான் விஷயம் இருக்கிறது என்று புரிந்தது. 1967இல் பிரான்சில் விற்பனைக்கு வந்த அந்த மருந்து உலகெங்கும் கோடிக்கணக்கானவர்களின் வலிப்பைக் கட்டுப்படுத்தியது. அதில் சந்தேகமே இல்லை. 1982இல் அதே நாட்டின் லியோன் நகரிலிருந்து எலிசபெத் ரோபெர் எச்சரித்தார்: பிறவிக் குறைகளைப் பதிவு செய்யும் தம் ஏட்டில் முதுகெலும்புப் பிளவுள்ள குழந்தைகளின் தாய்மாரிடையே வால்புரோயேட் எடுத்தவர்கள் எதிர்பாராத அளவு இருக்கிறார்கள் என்று.

எச்சரிக்கை வந்த பிறகு என்ன நடந்திருக்க வேண்டும்? மருந்து எழுதும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லியிருக்க வேண்டும். நடக்கவில்லை. 2007 முதல் 2014 வரையிலான ஆண்டுகளில் மட்டும் பிரான்சில் 14,000க்கு மேற்பட்ட கர்ப்பங்கள் அந்த மருந்துக்கு ஆளாயின என்று அந்நாட்டு அரசே 2016இல் கணக்குக் காட்டியது. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மார் ஒன்றுதிரண்டு போராடிய பிறகே இழப்பீட்டு நிதி வந்தது. 2017 அக்டோபர் முதல் பிரான்சில் மருந்துப் பெட்டிகளின் மேல் வயிறு பெருத்த பெண்ணின் உருவத்தைச் சிவப்பு முக்கோணத்துக்குள்ளோ, குறுக்குக் கோடிட்ட சிவப்பு வட்டத்துக்குள்ளோ அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில், விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டிகளில் அந்தப் படத்தைப் பார்க்கலாம். பயன் உண்டு, ஆனால் மிகப் பல மருந்துகளின் மேல் அது ஏறிவிட்டதால், உண்மையில் ஆபத்தான மருந்துக்கும் தரவு போதாத மருந்துக்கும் வேறுபாடு தெரியாமல் பெண்கள் மிரண்டு தேவையான சிகிச்சையை விடுகிறார்கள் என்று பிரெஞ்சு நிபுணர்களே குறை சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

படத்தை விட எண்கள் உதவும். அந்த எண்களில் நம் பக்கத்துப் பெண்களும் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1998இல் டாக்டர் சஞ்சீவ் தாமஸ் முன்னின்று ஒரு பதிவேட்டைத் தொடங்கினார்: வலிப்பு உள்ள பெண்கள் கர்ப்பத்துக்கு முன்போ தொடக்கத்திலோ பெயர் கொடுப்பார்கள், என்ன மருந்து, எவ்வளவு என்று எழுதப்படும், பிறந்த குழந்தை ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படும். கர்ப்பிணிகளை மருந்துச் சோதனையில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஆகவே தற்செயலாகவோ தேவை கருதியோ மருந்து எடுத்த பெண்கள் தங்கள் அனுபவத்தைப் பதிந்து வைப்பதால்தான் அடுத்தவளுக்கு அறிவு கிடைக்கிறது. அந்தப் பெண்களுக்கு மருத்துவம் பட்டிருக்கும் கடன் பெரிது.

கேரளப் பதிவேடும் சேர்ந்த யூராப் என்னும் பன்னாட்டுப் பதிவேடு, 42 நாடுகளின் 7,355 கர்ப்பங்களை வைத்து 2018இல் வெளியிட்ட முடிவு இது. எந்த மருந்தும் எடுக்காத பெண்களிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் பெரிய பிறவிக் குறையோடு பிறக்கின்றன. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வலிப்பு மருந்துகளில் லாமோட்ரிஜின் எடுத்தவர்களுக்கு 2.9 சதவீதம், லெவெடிராசெட்டாம் 2.8, கார்பமசெபின் 5.5, வால்புரோயேட் 10.3. அந்த 10.3க்குள்ளும் அளவு பேசுகிறது: நாளொன்றுக்கு 650 மில்லிகிராமுக்கு மேற்படாதவர்களுக்கு 6.3 சதவீதம், 1,450ஐயோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு 25.2. நான்கில் ஒன்று. கேடு உறுப்புக் குறையோடு நிற்பதில்லை: அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வொன்றில், ஆறு வயதில் அறிவுத்திறன் சராசரி வால்புரோயேட் பிள்ளைகளுக்கு 97, லாமோட்ரிஜின் பிள்ளைகளுக்கு 108.

இரண்டும் வலிப்பு மாத்திரைதான். "வலிப்பு மாத்திரை கர்ப்பத்தில் கூடாது" என்று பக்கத்து வீட்டில் சொல்வதும் தவறு, "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதும் தவறு.

நம் வீடுகளில் இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வலிப்பு இருப்பதைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று பெற்றோர் மறைக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்திலேயே 1999இல் திருத்தம் வரும்வரை வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. (பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட, புதுச்சேரியின் ரெனோன்சான் குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, மறைப்பது மட்டும் எல்லோருக்கும் பொது.) பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது மாத்திரை அட்டை துணிகளுக்கு அடியில் போகிறது. யாரும் பார்க்காத நேரம் பார்த்து விழுங்க வேண்டும். சில நாள் தவறும். நாள் தள்ளியதும் பயந்து ஒரேயடியாக நிறுத்திவிடுவாள். கேட்க ஆளில்லை, கேட்டால் ரகசியம் வெளிவந்துவிடும்.

இப்படித் திடீரென்று நிறுத்துவதுதான் இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் மிகப் பெரிய ஆபத்து. உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பு வந்தால் தாய்க்கு மூச்சு தடைப்படும், கருவுக்கு ஆக்சிஜன் குறையும். படியிலோ குளியலறையிலோ அடுப்பருகிலோ விழுந்தால் அதுவே போதும். பிரிட்டனில் தாய்மார் இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராயும் குழுவின் அறிக்கைகளில், வலிப்புள்ள கர்ப்பிணிகள் இறந்ததற்கு முதன்மைக் காரணம் வலிப்பையொட்டிய திடீர் மரணம்தான். இதயத்தில் உலோக வால்வு பொருத்திய பெண் வார்ஃபரினை விட்டால் வால்வில் ரத்தம் உறைந்து உயிர் போகலாம். தொடர்ந்தால் 6 முதல் 12 வாரத்துக்குள் கருவின் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கலாம். மருத்துவர்தான் அளவையும் வாரத்தையும் பார்த்து ஊசிக்கு மாற்றலாமா என்று முடிவு செய்ய வேண்டும். தைராய்டு மாத்திரையோ நேர்மாறு: ஐந்தாம் வாரத்திலிருந்தே தேவை கூடுகிறது. தனக்கென்று தைராய்டு ஹார்மோன் சுரக்க முடியாத முதல் மூன்று மாதம் கரு தாயுடையதைத்தான் நம்பியிருக்கிறது. அதைப் பயந்து நிறுத்தும் பெண், காப்பாற்ற நினைத்த குழந்தைக்கே குறை வைக்கிறாள்.

பயத்துக்கு மருந்தை விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மசக்கை மாத்திரையின் வரலாறு இருக்கிறது. டாக்சிலமினும் பிரிடாக்சினும் கலந்த மாத்திரை 1956 முதல் அமெரிக்காவில் கோடிக்கணக்கான பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. குழந்தைக்குக் குறை வந்தது அதனால்தான் என்று வழக்குகள் குவிந்தன; ஆய்வுகள் குற்றத்தைக் காட்டவில்லை; இருந்தும் வழக்குச் செலவு தாளாமல் 1983இல் நிறுவனம் விற்பனையை நிறுத்தியது. அதன்பின் கடும் வாந்தியோடு மருத்துவமனையில் சேர்ந்த கர்ப்பிணிகள் கூடினர். பிறவிக் குறைகள் குறையவில்லை. 2013இல் அதே கலவைக்கு அமெரிக்க அரசு மீண்டும் அனுமதி தந்தது. நம் மருத்துவர்கள் மசக்கைக்கு இன்று எழுதித் தருவதும் அதே கலவைதான். டொரோண்டோவில் நடந்து 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கருவுக்குக் கேடு செய்யாத மருந்துகளை எடுத்த பெண்களிடம் "குழந்தைக்குக் குறை வர எத்தனை வாய்ப்பு என்று நினைக்கிறீர்கள்" என்று கேட்டார்கள். சராசரி விடை 24 சதவீதம். தாலிடோமைடின் ஆபத்துக்குச் சமமான பயம் அது. நன்றாகப் பிறந்திருக்கக்கூடிய கருவை இந்தப் பயத்திலேயே கலைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

குற்றம் அந்தப் பெண்ணிடம் இல்லை. கருவுறும் வயதிலுள்ள பெண்ணுக்கு வால்புரோயேட்டோ, மெத்தோட்ரெக்சேட்டோ, முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயினோ எழுதும் மருத்துவர், கல்யாணமானவளா ஆகாதவளா என்று பார்க்காமல், கருவுக்கு அதனால் வரும் ஆபத்தை அன்றைக்கே சொல்லியாக வேண்டும். அதற்கு வேண்டிய இரண்டு நிமிடம் சீட்டு எழுதும்போதே கழிய வேண்டும். 45ஆம் நாள் கழிந்து பயனில்லை.

வலிப்பு, தைராய்டு, இதயம், மூட்டு, மனநலம் என எதற்காவது நெடுநாள் மாத்திரை எடுப்பவரா நீங்கள்? குழந்தைக்கு முயலும் முன், பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போய், இதைத் தொடரலாமா, அளவைக் குறைக்கலாமா, மாற்றலாமா என்று கேளுங்கள். ஜிப்மரிலும் எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மருத்துவமனையிலும் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் சொல்லும் அளவில் அப்போதே தொடங்குங்கள். ஏற்கெனவே நாள் தள்ளிவிட்டதா, 45 நாள் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். கடைசி மாதவிடாய்த் தேதியையும், எந்த மாத்திரை எந்த நாளில் எவ்வளவு என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதில் கிடைக்கும்வரை வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.